நான் லோனே கேட்கவில்லை, ஆனால் என் சிபில் ரிப்போர்ட்டில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் என்கொயரி விழுந்திருக்கிறது. அதை எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் நம் கடன் விவரங்களைச் சேர்த்துவைக்கும் சிபிலிடம் மட்டும் முட்டி மோதினால் நடக்காது. என்கொயரி என்றால் லோனுக்காக ஒரு கம்பெனி நம் ரிப்போர்ட்டைப் பார்த்ததற்கான பதிவு. அப்படி யார் பார்த்தார்களோ அந்தக் கம்பெனியே "இதை எடுத்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மீதி முழுக்க என் புலம்பல், நடுநடுவே உபயோகமான விஷயமும் இருக்கும்.

வீட்டு லோனுக்குப் பேப்பர் கொடுத்திருக்கும் நேரத்தில்தான் இது உங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற நாளில் யார் அந்த ரிப்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுகிறார்கள்? ஸ்கோர் 300-க்கும் 900-க்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அடுத்தவர் பில்லில் ஒரு ரூபாய் இடித்தாலே தூக்கம் வராத ஜாதி. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் ஸ்கூட்டிக்கு லோன் போட்டு, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்து, பாக்கி எதுவும் இல்லை என்ற என்ஓசி கடிதம் வாங்கி, ஆர்டிஓ ஆபீஸில் ஆர்.சி.யிலிருந்து அவர்கள் பெயரையும் எடுத்தாகிவிட்டது. அவர்களுக்கும் எனக்கும் அத்தோடு தீர்ந்தது என்றுதான் இருந்தேன். பிறகு ஒரு நாள் போன்.

"மேடம், உங்களுக்கு அஞ்சு லட்சம் ப்ரீ-அப்ரூவ்ட் லோன் ரெடியா இருக்குங்க. ப்ராசஸ் பண்ணிடலாங்களா?"

"வேணாங்க தம்பி."

"வட்டி ரொம்பக் கம்மிங்க மேடம்."

"கம்மியோ ஜாஸ்தியோ, எனக்கு லோனே வேணாங்க. வெச்சிருங்க."

அன்று சாயங்காலமே ஒரு எஸ்எம்எஸ். இன்ன கம்பெனி உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறது என்று. நம் ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ நமக்கு வர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த மெசேஜ் வராமல் இருந்திருந்தால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. உங்கள் இன்பாக்ஸிலும் தேடிப் பாருங்கள். விளம்பர மெசேஜ் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருப்பீர்கள்.

"ஒரே ஒரு என்கொயரி, ஸ்கோரில் கொஞ்சம் குறையும், நாலு மாதத்தில் தானாக ஏறிவிடும், இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எனக்கு ஸ்கோர் பிரச்சினையே இல்லை. பேங்கில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வீட்டு லோனுக்காக எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் கணவர். ஆபீசர் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்து, கடைசிப் பக்கத்தில் அந்த வரியைப் பேனாவால் வட்டம் போட்டார். அதில் இருப்பதே நாலு விஷயம்தான்: யார் கேட்டது, எந்தத் தேதி, எதற்கு, எவ்வளவு. 'பர்சனல் லோன், 5,00,000'. மேலே கணக்குகள் பகுதியில் அதற்கு ஜோடியாக எந்த லோனும் இல்லை. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இது என்னங்க, ரிஜெக்ட் ஆயிடுச்சுங்களா?" என்றார்.

வேண்டாம் என்று சொன்னது நான். ரிப்போர்ட்டைப் படிக்கிறவருக்கோ அவர்கள் என்னை வேண்டாம் என்று சொன்ன மாதிரி தெரிகிறது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்காகவே இந்தக் கம்பெனியை விடக் கூடாது என்று முடிவு கட்டினேன். (ஐந்து லட்சம் எதற்குக் கேட்டாய் என்று வீடு வரும் வரை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டார்.)

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். சிபில் தளத்தில் லாகின் செய்து டிஸ்ப்யூட் போட்டேன். அதற்குப் பணம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு தூணில் 'சிபில் சரி செய்து தரப்படும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே, அவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்வதும் இதே வேலைதான். கொஞ்ச நாளில் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட நிறுவனம் தகவல் சரி என்று உறுதி செய்துவிட்டது, மாற்றம் எதுவும் இல்லை. கோபம் வந்தது. ஆனால் சிபிலைத் திட்டிப் பயனில்லை. கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் வருடச் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் உறுதிப்படுத்தாமல் இவர்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. தபால்காரரிடம் போய்க் கடிதத்தில் இருப்பதைத் திருத்தச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

அதனால் கம்பெனிக்கே எழுதினேன். கஸ்டமர் கேருக்கு அல்ல, குறை தீர்க்கும் அதிகாரி என்று ஒருவரின் பெயரும் மின்னஞ்சலும் அவர்கள் தளத்தில் எங்காவது மூலையில் இருக்கும், அவருக்கு. "எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சவில்லை. நான் விண்ணப்பித்ததாகச் சொல்கிறீர்களே, அந்த விண்ணப்ப எண் என்ன? என் சம்மதம் எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கிடைத்தது, கையெழுத்தா ஓடிபியா? அன்றைக்கு உங்கள் ஆள் பேசிய போன் பதிவு இருக்கும், அதன் நகலை அனுப்புங்கள். இவ்வளவுதான் கேட்டேன். கெஞ்சினால் பழைய பதிலையே வெட்டி ஒட்டி அனுப்புவார்கள். ஆதாரம் கேட்டால் யாராவது ஒருவர் உட்கார்ந்து தேடியே ஆக வேண்டும்.

பதில் வந்தது, தேடாமலே. பழைய ஸ்கூட்டி லோன் ஒப்பந்தத்தில் 'தேவைப்படும்போதெல்லாம்' ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ள நான் சம்மதித்திருக்கிறேனாம். பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். அந்த வாசகம் இருந்தது உண்மை. ஆனால் அது அந்த லோன் சம்பந்தமாக. லோன் முடிந்து என்ஓசி கொடுத்த பிறகு எந்தத் தேவை? தாங்களாகவே ஒருவரைக் கணித்துப் பார்ப்பது வேறு, 'பர்சனல் லோன் ஐந்து லட்சம்' என்று நான் வந்து கேட்டதாகப் பதிவு போடுவது வேறு. என்ஓசி நகலை இணைத்து இதையே எழுதினேன். கூடவே அதே 2005 சட்டத்தின் 22-ஆவது பிரிவில் அனுமதியில்லாமல் கிரெடிட் தகவலைப் பார்த்தால் 1 லட்ச ரூபாய் வரை அபராதம் என்று இருப்பதையும் ஒரு வரி சேர்த்தேன். நான் வக்கீல் இல்லை. என் கேஸில் அது நிற்குமா நிற்காதா என்று வக்கீல்கள் வந்து சண்டை போட வேண்டாம். எழுதினால் கடிதம் வேறு மேஜைக்குப் போகிறது, அது மட்டும் எனக்குத் தெரியும்.

இதற்கு மௌனம். 30 நாள் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். இதற்கும் கட்டணம் இல்லை. சிஎம்எஸ் என்ற அவர்கள் தளத்திலேயே புகார் போடலாம், சந்தேகம் என்றால் 14448-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். சிபில் மாதிரி நிறுவனங்களையும் 2022 செப்டம்பரிலிருந்து இதே திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் கம்பெனிக்கு எழுதிய கடிதம் இல்லாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் மின்னஞ்சலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், போனில் பேசியது எதற்கும் உதவாது.

புகார் போட்ட பிறகு அதே கம்பெனியிலிருந்து போன். குரலில் அப்படி ஒரு மரியாதை.

"கம்ப்ளைன்ட்ட வித்ட்ரா பண்ணிக்கிறீங்களா மேடம்? நாங்க சரி பண்ணிக் குடுத்தர்றோங்க."

"ரிப்போர்ட்ல இருந்து போகட்டுங்க, அப்புறம் பேசலாம்."

போனது. 'தவறுதலாகப் பதிவானது' என்று ஒரு மின்னஞ்சலும் வந்தது. அதைப் பிரின்ட் எடுத்து பேங்க் ஃபைலில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நகல் வீட்டில் டிவிக்கு மேலே கொஞ்ச நாள் இருந்தது. 30 நாளுக்கு மேல் இழுத்தடித்தால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று 2023-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே என்று அதையும் கேட்டேன். அந்த வரிக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

சிபிலில் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் மொத்தம் நாலு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். கம்பெனி எதில் எல்லாம் பார்த்ததோ அதில் எல்லாம் பதிவு இருக்கும். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். நான் எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றிலும் அதே ஐந்து லட்சம் உட்கார்ந்திருந்தது. நாமே நம் ரிப்போர்ட்டை எடுப்பதால் ஸ்கோர் குறையாது, பயப்பட வேண்டாம்.

இதைத் தேடும்போதுதான் என் பழைய எரிச்சல் கிளம்பியது, சொல்லிவிடுகிறேன். பான் கார்டில் என் பெயரோடு அப்பா பெயர், ஆதாரில் கணவரின் இனிஷியல். நமக்கெல்லாம் ஏது சர்நேம்? ஆனால் ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. போட்டதன் பலன், லோன் விற்கிற பிள்ளைகள் எல்லாம் என் அப்பா பெயரைச் சொல்லி 'மேடம்' போட்டுக் கூப்பிடுகிறார்கள். அவர் இருந்த காலத்தில் யாரிடமும் ஒரு பைசா கைமாற்று வாங்காத மனுஷன். ஒரு ரிப்போர்ட்டில் எனக்கு மூன்று பெயர் போட்டிருந்தது, மூன்றும் தப்பு. அதைத் திருத்துவது தனிக் கதை, இன்னும் முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் இஎம்ஐ விசாரிக்கும்போது ஓடிபி சொன்னீர்களா, ஏதாவது ஆப்பில் 'எலிஜிபிலிட்டி செக்' அழுத்தினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் அவர்களிடம் ஆதாரம் இருக்கும், என்கொயரி போகாது, மெனக்கெட வேண்டாம். அந்தக் கம்பெனியோடு உங்களுக்குச் சம்பந்தமே இல்லையென்றால், முதலில் கணக்குகள் பகுதியைப் பாருங்கள். என்கொயரியோடு உங்கள் பெயரில் லோனும் ஓடிக்கொண்டிருந்தால் யாரோ உங்கள் பான் எண்ணை வைத்து வாங்கியிருக்கிறார்கள். அப்போது இந்தக் கடிதப் போக்குவரத்துக்கெல்லாம் காத்திருக்காமல் 1930-க்குப் போன் செய்து சைபர் க்ரைமில் புகார் பதியுங்கள். அந்தப் புகார் எண்ணோடு கம்பெனிக்கு எழுதுங்கள்.