டக்அவுட் லைன்அப் அட்டையை எழுதுவது யார்? பேஸ்பால் கேள்வி பதில்

வினோத்: டிவியில் டக்அவுட் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) சுவரில் தெரிகிற பெரிய அட்டையை மேனேஜரே எழுதுகிறாரா?

யார் ஆடுவது, எந்த வரிசையில் என்று முடிவெடுப்பது அணியை நடத்தும் மேனேஜர். அட்டையை எழுதுவது பெரும்பாலும் அவருக்கு உதவியாக இருக்கும் பெஞ்ச் கோச். மேலே ஆடும் ஒன்பது பேர், கீழே வெளியே உட்கார்ந்திருப்பவர்கள், புல்பென்னில் (மாற்றுக்குத் தயாராகும் இடம்) இருக்கும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், பக்கத்திலேயே எதிரணி. பல அணிகளில் இடக்கையர் பெயருக்குச் சிவப்பு மை. எட்டாவது இன்னிங்ஸில் யாரை இறக்கலாம் என்று பார்க்கும்போது தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஆள் மாறினால் பழைய பெயரை அடித்துப் புதியதை எழுதுவார்கள். ஆட்டம் முடியும்போது கோடும் கிறுக்கலுமாக நிற்கும் அட்டையைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். செல்லுபடியாவது ஹோம் பிளேட்டில் (மட்டை பிடிக்கும் இடம்) அம்பயர் கையில் கொடுத்த சீட்டு. சுவரில் இருப்பது அணியின் வசதிக்கு.

மீனா: இரண்டும் வேறு வேறாக இருந்தால்?

2018 மே 9, சின்சினாட்டியில் நியூயார்க் மெட்ஸுக்கு அதுதான் நடந்தது. அம்பயர் சீட்டில் கப்ரேரா இரண்டாவது, ஃபுளோரஸ் மூன்றாவது. ஆடியதோ மாற்றி. முதல் இன்னிங்ஸில் கப்ரேரா டபுள் (இரண்டாம் பேஸ் வரை போக வைக்கும் அடி) அடித்ததும் சின்சினாட்டி அணியான ரெட்ஸின் மேனேஜர் ரிகில்மேன் முறையிட்டார். டபுள் போச்சு. சீட்டு வரிசைப்படி ஃபுளோரஸுக்கு அடுத்து வந்திருக்க வேண்டிய ஜே புரூஸ் மட்டையைத் தொடாமலே அவுட். பத்து இன்னிங்ஸ் போன அந்த ஆட்டத்தில் மெட்ஸ் 2-1 என்று தோற்றது.

செந்தில்: எழுதினவர் தப்புக்கு மேனேஜரை ஏன் குறை சொல்கிறார்கள்?

சீட்டு அவர் பொறுப்பில் போவதால். 2009 மே 17, டாம்பா பே. அங்கே மேனேஜர் ஜோ மேடன் அணியின் சீட்டில் லோங்கோரியா, ஸோப்ரிஸ்ட் இருவருமே மூன்றாம் பேஸ். லோங்கோரியா டிஎச் (பிட்சருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிப்பவர்) என்று இருந்திருக்க வேண்டும். க்ளீவ்லாண்ட் மேனேஜர் எரிக் வெட்ஜ் சுட்டிக்காட்ட, டிஎச் பறிபோனது. மூன்றாவதாக மட்டை பிடிக்கப் பிட்சர் சோனன்ஸ்டைன் வந்தார்!

செந்தில்: 7-5 என்று ஜெயித்தார்களே அண்ணா?

சோனன்ஸ்டைன் ஒரு டபுள் அடித்து ரன்னும் கொண்டுவந்தார், உண்மைதான். ஆனால் அமெரிக்கன் லீக்கில் 1973 முதல் டிஎச் உண்டு; அங்கே பிட்சர்கள் மட்டை பிடிப்பதே அபூர்வம். அந்த ஒரு அடியை வைத்துத் தப்பை நியாயப்படுத்தாதீர்கள். ஒரு முறை படித்துப் பார்த்திருந்தால் போதும்.

ராஜா: அப்போ மேனேஜர் எழுதுவதில்லையா?

வினோத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அனிதா: ஒரே குடும்பப் பெயரில் இருவர் இருந்தால்?

முதலெழுத்து சேர்க்க வேண்டும். விட்டிருந்தால் ஆட்டம் தொடங்குமுன் அம்பயர் சொல்லித் திருத்த வைப்பார்.

குமார்: சுவர் அட்டைதானே அதிகாரபூர்வமானது?

இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: அம்பயர் கையில் இருக்கும் சீட்டு.

ஜெயா: மகன் அணிக்கு நான்தான் எழுதுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் அம்பயர் சீட்டை எழுதுங்கள், அப்புறம் அதைப் பார்த்துச் சுவர் அட்டை. இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஆடுமிட எண் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை வர வேண்டும். மூன்றாம் பேஸுக்கு எண் 5. டாம்பா சீட்டில் அந்த 5 இரண்டு இடத்தில் இருந்தது.