தெணியானைச் சாதிக்குள் அடக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாண எழுத்தாளர் தெணியான் சாதிப் பிரச்சினையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை என்றும், பள்ளி ஆசிரியராக இருந்ததனால் நாவலிலும் பாடமே நடத்தினார் என்றும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் கூறினார். தங்கள் கருத்து? - ஒரு வாசகர், நெல்லியடி.

பதில்: கூறியவர் எந்த நாவலை வாசித்தார் என்று அங்கேயே கேட்டிருக்கலாமே. 1989இல் வெளிவந்த 'பொற்சிறையில் வாடும் புனிதர்கள்', கோயிற் பூசையை நம்பிச் சீவிக்கும் பிராமணக் குடும்பங்களின் வறுமையையும் வெளியே சொல்ல முடியாத மனவேதனைகளையும் பற்றியது. கோயில் வாசலே மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவர், ஐயர் வீட்டுத் துயரத்தை இத்தனை பரிவோடு எழுதியிருக்கிறார். 'மரக்கொக்கு' (1994) பழம்பெருமையைக் கட்டிக் காக்கும் உயர்சாதிக் குடும்பமொன்றின் சிதைவைச் சொல்கிறது. ஆதிக்க சாதியான வேளாளரின் வீட்டு முற்றத்தைத் தாண்டாமலே எழுதி முடித்தவர்களை நாம் சாதி எழுத்தாளர் என்று அழைப்பதில்லை. தெணியானுக்கு மட்டும் அந்தப் பட்டம் எதற்கு?

சாதியை அவர் எழுதியது உண்மை, எழுதாமல் எப்படி இருப்பார்? 1942இல் யாழ்ப்பாணத்துப் பொலிகண்டியில் பிறந்து, தெணியான் என்ற புனைபெயரில் எழுதிய க. நடேசன் படித்ததும் பின்னர் படிப்பித்ததும் தேவரையாளி இந்துக் கல்லூரியில். ஏனைய பாடசாலைகள் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த, சேர்த்தாலும் நிலத்தில் இருத்திய காலத்தில், சைவப் பெரியார் சூரன் முன்னின்று தொடங்கிய பள்ளிக்கூடம் அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம், அதாவது சரிசமமான இருக்கை, கொடுக்கச் சொன்னதற்காக யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள் என்பதை உங்கள் நண்பர் மறந்திருக்கலாம். அந்த வகுப்பறையில் நின்றவரால் மறந்திருக்க முடியாது. சவரத் தொழிலாளர் கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் செய்ய வேண்டியிருந்த தொண்டூழியத்தையும், அதிலிருந்து விடுபட அவர்கள் எடுத்த முயற்சியையும் 'குடிமைகள்' (2013) காட்டுகிறது. நயினார் என்று அழைக்கப்பட்ட உயர்சாதிக்காரரின் படலைக்கு (வாசற்கதவுக்கு) வெளியே நின்று குரல் கொடுத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. விரும்பினால் அவர்களிடமே விசாரிக்கலாம்.

பாடம் நடத்தினார் என்ற குறையில் ஓரளவு நியாயம் உண்டு. முதல் நாவலான 'விடிவை நோக்கி' (1973) இடதுசாரிச் சார்புள்ள முற்போக்கு எழுத்தாளர் அணியின் வேகத்தில் எழுதப்பட்டது. சில இடங்களில் கதைமாந்தரை முந்திக்கொண்டு நாவலாசிரியரே பேசிவிடுகிறார். அந்தக் குரல் 'மரக்கொக்கு' வரும்போது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. முதல் நாவலை மட்டும் புரட்டிவிட்டு, 2022இல் மறையும்வரை எழுதிய ஒருவருக்குத் தீர்ப்பு வழங்குவது விமர்சனமாகாது. அடுத்த கூட்டத்துக்கு முன் 'மரக்கொக்கு' நாவலை நண்பரிடம் கொடுங்கள்.

- ஆசிரியர்