யோகி பி யார்? அவருடைய தமிழ் ராப் ஏன் காதில் ஒட்டிக்கொள்கிறது?

ராப் என்பது மெட்டைவிடத் தாளத்தை நம்பிச் சொற்களை அடுக்கும் பாட்டு. மலேசியத் தமிழரான யோகி பி, 1990-களில் ‘பொயடிக் அம்மோ’ குழுவில் பாடத் தொடங்கினார். 2006-இல் நட்சத்திரா குழுவினருடன் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்புதான் அவரைத் தமிழ்நாட்டில் பரவலாக அறியவைத்தது.

அதிலுள்ள ‘மடை திறந்து’, 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடலின் மறுவடிவம். பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவரின் மெட்டு, கடல் கடந்து போய்ப் புதுத் தாளத்தோடு மதுரைக்கே திரும்பி வந்தது! நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

காதில் ஒட்டுவதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. எதுகையும் மோனையும் வரியின் தொடக்கத்திலேயே ஓசையைப் பிணைக்கின்றன. ராப் வரியின் முடிவிலும் பிணைக்கிறது. இரண்டு முனையிலும் முடிச்சு விழுவதால் வரி நினைவில் நிற்கிறது.

அலங்காநல்லூர் வாடிவாசலில் வர்ணனை செய்பவரைக் கேட்டிருக்கிறீர்களா? காளை பாய்ந்தால் சொல்லும் பாயும். காளை நின்று சுற்றினால் சொல்லும் நின்று சுற்றும். ராப்பில் காளையின் இடத்தில் தாளம் இருக்கிறது, அவ்வளவுதான்.

வேகமாகப் பேசுவதுதான் ராப் என்று பலர் நினைக்கிறார்கள். நிதானமாகச் சொன்னாலும் சொல் தாளத்தில் சரியான இடத்தில் விழுந்தால் அது ராப்தான்.