குளிர்ந்த நீர் குடித்தால் சீஸ் வயிற்றில் இறுகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 58. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு டம்ளர் பால் குடித்தாலே வயிறு உப்பிக் கழிச்சலாகும். சுவிட்சர்லாந்தில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, வாலே மாநிலத்தின் மலைவிடுதி ஒன்றில் ராக்லெட் என்ற உருகிய சீஸ் உணவைச் சாப்பிட்டேன். தண்ணீர் கேட்டதற்கு, “சீஸ் வயிற்றில் இறுகிவிடும், சூடான தேநீரோ வெள்ளை ஒயினோதான் குடிக்க வேண்டும்” என்று மருமகன் தடுத்துவிட்டார். கழிச்சல் இல்லை, ஆனால் இரவெல்லாம் நெஞ்செரிச்சல். மீண்டும் போகப்போகிறேன். சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், அளவோடு.

மருமகன் சொன்னது அந்த நாட்டில் பலரும் நம்புவதுதான். ஆனால் உருகிய சீஸ், தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், வயிற்றின் 37 டிகிரிச் சூட்டுக்கு ஆறத்தான் போகிறது. அதைக் கரைக்க அமிலமும் நொதிகளும் இருக்கின்றன. நாம் குடிக்கும் பாலே வயிற்றில் முதலில் திரிந்து கட்டியாகித்தான் செரிக்கிறது! சூரிச் மருத்துவர்கள் 20 பேருக்கு ஃபாண்டு என்ற சீஸ் உணவைக் கொடுத்து, ஒரு முறை ஒயினும் மறுமுறை தேநீரும் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அந்த ஆய்வில், ஒயின் குடித்தபோதுதான் வயிறு காலியாக அதிக நேரம் பிடித்தது. ஆகவே தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாத உங்களுக்குச் சீஸ் ஒத்துக்கொண்டதில் வியப்பில்லை. உங்கள் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. சீஸ் செய்யும்போது அதில் பெரும்பகுதி மோர்த்தண்ணீரோடு வடிந்துவிடும். மிச்சத்தைப் பதப்படும் மாதங்களில் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

உங்களைப் படுத்தியது கொழுப்பும் படுக்கையும்தான். ராக்லெட் சீஸில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. சக்கரம் போன்ற சீஸ் கட்டியைப் பாதியாக வெட்டித் தீயருகே வைத்து, அதன் உருகிய முகத்தைச் சுரண்டிச் சுரண்டித் தட்டில் போடுவார்கள். ஒவ்வொரு தட்டும் சிறியது என்பதால் கணக்கே தெரியாது. குளிருக்கு இதமாகவும் இருக்கும்; எனக்கும் அந்தப் பலவீனம் உண்டு. கொழுப்பு வயிற்றில் வெகுநேரம் தங்கும். உணவுக்குழாயின் கீழ்வாயையும் தளர்த்தும். மலைவிடுதிகளில் இரவு பத்து மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு படுத்தால் அமிலம் மேலேறாமல் என்ன செய்யும்? அடுத்த முறை மதியத்தில் சாப்பிடுங்கள். மூன்று தட்டோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பசிக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு போதும்.

உப்பையும் பாருங்கள். 200 கிராம் சீஸில் ஏறக்குறைய 4 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கே 5 கிராமுக்குள் என்கிறது. கூடவே வைக்கும் வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாயிலும் உப்புதான். அன்று மற்ற வேளைகளில் உப்பைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

வலது விலாவுக்குக் கீழே வலித்து, அது தோள்பட்டைவரை போனால் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ இடது கை வலியோ வந்தால், சீஸின் மேல் பழிபோட்டுக்கொண்டு படுத்திருக்காதீர்கள். அங்கே ஆம்புலன்ஸ் எண் 144.