இரண்டு அவென்யூக்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடங்களாக ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு நண்பருடன் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்குப் போயிருந்தேன். காலையில் ரூஸ்வெல்ட் அவென்யூ. எங்கும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். தெருவோரம் மாம்பழம் வெட்டி விற்கிறார்கள், கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் வண்டிக்காகக் காத்து நிற்கிறார்கள். மதியம் ரிச்மண்ட் ஹில்லில், தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக்காரர்களின் லிபர்ட்டி அவென்யூ. சேலைக் கடை, ரொட்டிக் கடை, கோயில், வீட்டு முன்னால் மூங்கிலில் கட்டிய ஜண்டி என்கிற பூஜைக் கொடி. அசந்துவிட்டேன். இரண்டு கூட்டமும் ஏழ்மையிலிருந்து வந்தவைதான். ஒன்று வீடு வாங்கிவிட்டது, இன்னொன்று தெருவில் நிற்கிறது. சேமிப்பும் குடும்ப ஒழுங்கும் நம் ரத்தத்தில் இருப்பது காரணமா? கயானாக்காரர்கள் வரிசையில் நின்று முறையாக வந்தார்கள், மற்றவர்கள் வேலி தாண்டி வந்தார்கள் என்கிறார் நண்பர். தமிழ்ச் சங்க மலருக்கு இதைப் பற்றி எழுத நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? இன்னொரு சந்தேகம், தாய்மொழியை விட்டுவிட்ட கயானாக்காரர்களை இந்தியர்கள் என்று சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய நோட்டுப் புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். 2012இல் நியூயார்க் போனபோது மூன்று வாரம் தங்கிய வீட்டைப் பற்றிய குறிப்புகள் கையில் கிடைத்திருந்தன. அந்த வீடு ரிச்மண்ட் ஹில்லில், நீங்கள் நடந்த அதே லிபர்ட்டி அவென்யூவிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அவர்களை இந்தியர்கள் என்று சொல்லலாமா என்று முடிவுசெய்ய நாம் யார்? 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் கல்கத்தாவிலிருந்து முதல் கூலிகள் கயானாவில் போய் இறங்கினார்கள். 1917 வரை ஏறக்குறைய 2,39,000 பேரைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போனார்கள். பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள், ஒரு சிறு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து போன நம் ஆட்கள். அவர்களை அங்கே இன்றும் மதராசி என்பார்கள். வீராசாமி, முனிசாமி என்பதெல்லாம் அங்கே குடும்பப் பெயர். மொழி போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. தப்பு மேளமும் போகவில்லை. குயின்ஸிலேயே தப்படித்து மாரியம்மன் தாலாட்டு பாடும் கோயில்கள் இருக்கின்றன. இதற்கு மேல் அவர்கள் நமக்கு என்ன சான்றிதழ் காட்ட வேண்டும்? விடுங்கள்.

இப்போது ரத்தம். தம்பி, இந்தச் சொல்லை இனி எழுதாதீர்கள். சேமிப்பு ரத்தத்தில் இருக்கிறது என்றால் குடியும் ரத்தத்தில்தான் இருக்க வேண்டும். கயானாவின் கிராமங்களில் ரம் கடைகளால் அழிந்த குடும்பங்கள் எத்தனை என்று அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுப்பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கையில் தற்கொலை விகிதத்தில் உலகிலேயே முதலிடம் கயானாவுக்கு, லட்சத்துக்கு 44 பேர். அதுவும் நம் ரத்தமா? கிடையாது. தோட்டக் கூலியின் வரலாறு, விவசாயத்தில் புழங்கும் பூச்சிமருந்து, வேலையின்மை, வெளியே சொல்ல முடியாத வீட்டுத் துயரம் என்று அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நல்லதற்கும் அதுபோலக் காரணங்கள் உண்டு. நல்லது நடந்தால் ரத்தம், கெட்டது நடந்தால் சூழ்நிலை என்று நம்மவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. ஊரில் சாதியைப் பற்றிப் பேசும்போதும் இதே வாய்தான் இதே கணக்கைச் சொல்கிறது.

சரி, உங்கள் நண்பரின் வரிசைக்கு வருகிறேன். இதைத்தான் நான் விடப்போவதில்லை.

நான் தங்கிய வீட்டின் சொந்தக்காரர் கயானாவிலிருந்து வந்த அம்மா, அறுபதை நெருங்கிய வயது. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி, எனக்கும் அப்படியே. முதியவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. கயானாவின் பெர்பிஸ் பக்கம் கரும்பு வெட்டிய குடும்பம். பாட்டி மதராசி என்பதால் நான் தமிழ் என்று தெரிந்ததும் மஞ்சள் தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மேல் மாடியில் எனக்கு ஒரு அறை. நடு மாடியில் அவரும் மகன் குடும்பமும். பேஸ்மென்ட்டில் ஈக்வடாரைச் சேர்ந்த ஒருவர், மனைவியுடனும் எட்டு வயது மகளுடனும். வாசலில் மூன்று அழைப்பு மணிகள். மூன்றாவது மணிக்கு மட்டும் பெயர் ஒட்டவில்லை. அந்த மாதிரி பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுவதை அன்று நகராட்சி அனுமதிக்கவில்லை, அதனால்.

நீங்கள் இரண்டு அவென்யூக்களில் தனித்தனியாகப் பார்த்தது இந்த ஒரு வீட்டுக்குள் படிக்கட்டுக்கு மேலும் கீழுமாக இருந்தது.

ஆன்ட்டி எப்படி அமெரிக்கா வந்தார் தெரியுமா? வரிசையில் நின்று அல்ல. கயானாவில் அதற்கு 'பேக்டிராக்' என்று ஒரு சொல்லே இருக்கிறது, கொல்லை வழி. 1981 அக்டோபரில் யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கினார். கயானாவில் அதிபர் ஃபோர்ப்ஸ் பர்னாமின் ஆட்சி அது. பாக்சைட்டையும் சர்க்கரையையும் அரசு எடுத்துக்கொண்டது, அந்நியச் செலாவணி வற்றியது, சோப்புக்கும் பால்மாவுக்கும் கியூ. பர்னாமை எதிர்த்த வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி 1980 ஜூனில் தலைநகர் ஜார்ஜ்டவுனில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டபோது இனி இங்கே வாழ முடியாது என்று ஆன்ட்டியின் அப்பா சொல்லிவிட்டாராம். ஆன்ட்டி கிளம்பிய பிறகு கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை வந்தது. ரொட்டி சுட்டதற்காக வழக்குப் போட்ட கதையெல்லாம் தன் அம்மா எழுதிய கடிதங்களில் இருந்தது என்று சொன்னார்.

நியூயார்க்கில் ஐந்து வருடம் அவரும் ஒரு பேஸ்மென்ட்டில்தான் இருந்தார். பேப்பர் இல்லாமல், அதாவது தங்குவதற்கான ஆவணம் இல்லாமல், போலீஸ்காரரைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து நடந்துகொண்டு. 1986இல் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்து பேப்பர் இல்லாமல் இருப்பவர்கள் சட்டப்படி தங்க விண்ணப்பிக்கலாம். அந்தச் சட்டத்தில் சுமார் 27 லட்சம் பேருக்கு அனுமதி கிடைத்தது. பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள், ஆன்ட்டி போன்ற கயானாக்காரர்களும் உண்டு. மூன்று மாத வித்தியாசத்தில் அவர் தேதிக்குள் வந்துவிட்டார். பேப்பர் வந்தது, ஆஸ்பத்திரியில் வேலை வந்தது, குடியுரிமை வந்தது. பிறகு தம்பி தங்கைகளுக்கு அவர் மனுப் போட்டார். வருடக்கணக்கில் காத்திருந்து நான்கு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். நான்கு சம்பளம் சேர்ந்தால் வங்கி கடன் தராதா? அப்படி வாங்கியதுதான் அந்த வீடு. கீழே குடியிருப்பவரின் வாடகைதான் பாதித் தவணையைக் கட்டியது.

கீழே இருந்தவர் ஈக்வடாரில் குவெங்கா நகரத்துக்கு அருகிலிருந்து வந்தவர். 1999இல் அந்த நாட்டு வங்கிகள் கவிழ்ந்தன. சேமிப்பில் இருந்த பணத்தை எடுக்க முடியாதபடி அரசு முடக்கியது. அடுத்த வருடம் சுக்ரே என்ற நாணயமே ஒழிந்து டாலர் வந்தது. மர வேலை செய்து சேர்த்த பணம் அவருக்கு ஒரு வண்டிச் சக்கரம் வாங்கக்கூடத் தேறவில்லை. சேமிக்காதவர் என்று நீங்கள் நினைக்கும் மனிதர் அவர். சேமித்ததைப் பறிகொடுத்துத்தான் கிளம்பினார். 2000இல் வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு 1986 வரவில்லை. இன்றுவரை யாருக்கும் வரவில்லை. மிக நெடுங்காலமாக இருப்பவர்களுக்கு என்று பழைய விதி ஒன்று உண்டு, அதில் குறித்திருக்கும் தேதி 1972 ஜனவரி 1. அந்தத் தேதியையும் 1986க்குப் பிறகு யாரும் நகர்த்தவில்லை.

உங்கள் நண்பர் சொல்லும் வரிசை எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அங்கே உறவினர் இல்லாத ஒரு தச்சர், பட்டப்படிப்பு இல்லாத ஒரு கொத்தனார், எந்த ஜன்னலில் போய் நிற்பது? பெரிய பயிற்சி தேவைப்படாத வேலைகளுக்கான கிரீன் கார்டு உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000. அண்ணன் தம்பி போன்ற உறவினர் இருந்தாலும் எல்லா நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு, மொத்தத்தில் 7 சதவீதம். பத்து லட்சம் பேர்கூட இல்லாத கயானாவுக்கும் அதே 7, பன்னிரண்டு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் மெக்சிகோவுக்கும் அதே 7. அதனால் கயானாக்காரரின் தம்பியைவிட மெக்சிகோக்காரரின் தம்பி பல வருடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், இருபது வருடத்துக்கு மேல். ஜெர்சி சிட்டியில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த 7 சதவீதத்தை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நடந்தால் அநியாயம், அவர்களுக்கு நடந்தால் குணக்கேடா?

இன்னும் சந்தேகம் இருந்தால் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குள்ளேயே பாருங்கள். கியூபாக்காரர்களுக்காக 1966இல் தனிச்சட்டம் போட்டார்கள். கரையேறி ஓரிரு வருடத்தில் கிரீன் கார்டுக்கு வழி கிடைத்தது. மயாமியில் வங்கியும் கடையும் அவர்களிடம் இருக்கின்றன, மேயர் பதவியும் பல வருடம் அவர்களிடம் இருந்தது. அதே ஸ்பானிஷ், அதே மாதா கோயில், அதே அரிசியும் பீன்ஸும். பேப்பர் வேறு. இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் 'ஹிஸ்பானிக்' என்பதே அமெரிக்க அரசாங்கம் எழுபதுகளில் தன் கணக்கெடுப்புக்காகப் பிடித்த ஒரு பெட்டி. ப்யூர்ட்டோ ரிக்கோக்காரர், டொமினிகன், மெக்சிகோவின் பியூப்லா ஊர்க்காரர் எல்லோரையும் அதற்குள் போட்டுவிட்டார்கள்.

பேப்பர் மட்டும் போதுமா என்றால் போதாது, அதையும் சொல்ல வேண்டும். ப்யூர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் ஐம்பதுகளில் தையல் ஆலைகளை நம்பி நியூயார்க் வந்தார்கள், ஆலைகள் மூடியபோது நடுத்தெருவுக்கு வந்தார்கள். கயானாக்காரர்கள் பெருமளவில் வந்த எழுபது, எண்பதுகளில் நகரத்துக்குத் தேவைப்பட்டது நர்ஸ், குமாஸ்தா, கணக்கர், ஆஸ்பத்திரி உதவியாளர். அதற்கெல்லாம் ஆங்கிலம் வேண்டும். தென் அமெரிக்காவில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரே நாடு கயானா. அங்கே உயர்கல்வி முடித்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஒரு நாடு தன் ஆசிரியர்களையும் நர்ஸ்களையும் மொத்தமாக இழந்ததன் விளைவும் சேர்ந்ததுதான் லிபர்ட்டி அவென்யூவின் செழிப்பு. அந்தச் செழிப்பும் உறுதியானது அல்ல. 2008இல் வீட்டுக் கடன் சரிந்தபோது ரிச்மண்ட் ஹில்லிலும் சவுத் ஓசோன் பார்க்கிலும் எத்தனையோ வீடுகள் வங்கியிடம் போயின. ஆன்ட்டியின் இரண்டாவது தம்பி வீடும் அப்படிப் போனதுதான். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயல் மழையில் நியூயார்க்கில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் மூழ்கி இறந்தார்கள், பெரும்பாலும் குயின்ஸில். செய்தியைப் பார்த்ததும் முதலில் ஆன்ட்டிக்குத்தான் போன் செய்தேன். கீழே முழங்கால் தண்ணீர், எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள், என் அறையில்தான் அந்தக் குடும்பம் படுத்திருக்கிறது என்றார்.

கட்டுரையை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். சந்தேகமே வேண்டாம், தேதிகளிலிருந்து தொடங்குங்கள். யார் எந்த வருடம் வந்தார், அன்று எந்தச் சட்டம் இருந்தது, ஊருக்குள் எந்த வேலை காலியாக இருந்தது என்று எழுதிப்பாருங்கள். கயானாவைப் பற்றி எழுதும்போது இன்றைய கயானாவையும் சேருங்கள். 2015இல் அங்கே கடலில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். இப்போது பக்கத்து வெனிசுவேலாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி ஜார்ஜ்டவுனுக்கு வருகிறார்கள். கடைகளிலும் கட்டட வேலைகளிலும் ஸ்பானிஷ் கேட்கிறது. முன்பு பர்னாம் காலத்தில் கயானாக்காரர்கள் வேலை தேடி வெனிசுவேலா போனார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு மாலையைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிறுதோறும் ஆறு மணிக்குக் கீழ்வீட்டு ஈக்வடார்க்காரர் படியேறி வருவார், குளித்து, தலை வாரி, சட்டை மாற்றி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அந்த வாரம் வந்த கடிதங்கள். மின்கட்டணம், ஆஸ்பத்திரி பில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை. ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, தெரிந்த இருபது ஸ்பானிஷ் வார்த்தைகளிலும் மீதியைக் கையாலும் சொல்லிக்கொடுப்பார். என் ஊரில் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து என் பாட்டிக்கு ரங்கூன் கடிதங்களை வாசித்துக் காட்டியது இப்படித்தான் இருந்திருக்கும்.

அன்று கூடத்தில் ஒரு பேரல் நின்றது. கயானாவுக்கு அனுப்ப அரிசி, எண்ணெய், சோப்பு, பிள்ளைகளின் பழைய ஷூக்கள். மூடியின் இரும்பு வளையத்தை ஆன்ட்டியால் இறுக்க முடியவில்லை. ஈக்வடார்க்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, சுத்தியலால் வளையத்தைத் தட்டித் தட்டிப் பூட்டிக்கொடுத்தார். பிறகு கடிதங்கள். கடைசியாகப் பிரித்தது பள்ளிக்கூடத்துக் கடிதம். மகளை ஒரு நல்ல வகுப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பெற்றோர் வந்து கையெழுத்திட வேண்டும். ஆன்ட்டி இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார் அவர். கையெழுத்திடப் போனால் அடையாள அட்டை கேட்பார்களா என்று கையால் கேட்டார். கேட்டால் நான் கூட வருகிறேன் என்றார் ஆன்ட்டி. அவர் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். கீழே கதவு சாத்தும் சத்தம் வரும்வரை ஆன்ட்டி மாடிப்படி விளக்கின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அன்புடன்.