களைத்த டி செல்லும் முகம் மாறிய வைரஸும்

வணக்கம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சந்தேகம். நாள்பட்ட நோயாளியின் உடம்பிலும் அந்த வைரஸுக்கான டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள்) இருக்கின்றன என்றால், ஏன் அதை அழிக்க முடியவில்லை? வைரஸ் உருமாறிவிடுகிறதா, டி செல் தூங்கிவிடுகிறதா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒரே டி செல்லுக்கு இரண்டும் நடப்பதில்லை, சுவாரசியமே அங்கேதான்.

கொல்லும் வகை டி செல் முழு வைரஸைப் பார்ப்பதே இல்லை. தொற்றிய கல்லீரல் செல் வைரஸ் புரதத்தை நறுக்கி, சுமார் 9 அமினோ அமிலம் நீளத் துண்டுகளை ஹெச்எல்ஏ என்ற மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே காட்டும். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டால், துண்டின் இரண்டாவது எழுத்தும் கடைசி எழுத்தும் பெரும்பாலும் பள்ளத்தில் மாட்டும் கொக்கிகள், நடுவில் துருத்தி நிற்பவற்றைத்தான் டி செல் தடவிப் பார்க்கிறது. கொக்கி எழுத்து மாறினால் துண்டு உட்காராது, டி செல்லுக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது. நடு எழுத்து மாறினால் துண்டு இருக்கும், பிடி வழுக்கிவிடும்.

இந்த மாற்றம் வைரஸுக்குப் பெரிய வேலையும் இல்லை. சுமார் 9,600 மரபணு எழுத்துகள் கொண்ட தொகுதியை நகலெடுக்கும் அதன் நொதி பிழை திருத்தாது, ஒரு நாளைக்கு உருவாகும் வைரஸ்களோ லட்சம் கோடி அளவில். அப்புறம் எந்த எழுத்துதான் மாறாமல் இருக்கும்? ஆனாலும் எல்லா மாற்றமும் மலிவானதல்ல. ஹெச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும், அதில் பி27 என்ற வகை உள்ளவர்களிடம் ஒரு முக்கியமான துண்டை மறைக்க வைரஸ் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளை மாற்ற வேண்டியிருக்கிறது, அவர்களில் தானாகவே குணமாகிறவர்கள் அதிகம். மாறிய வைரஸ் வேறு ஹெச்எல்ஏ உள்ளவருக்குத் தொற்றும்போது சில இடங்களில் பழைய எழுத்துக்கே திரும்பிவிடுவதும் உண்டு. மாற்றம் அதற்கும் சுமைதான் போல.

சரி, தூக்கம். மாறாத துண்டைக் குறிவைத்த டி செல் அதை ஓயாமல் பார்த்துப் பார்த்தே களைத்துப்போகிறது, பிடி-1 போன்ற தடை மூலக்கூறுகள் அதன் மேல் ஏறிவிடுகின்றன. மாறிவிட்ட துண்டைக் குறிவைத்ததோ பார்க்க எதுவும் இல்லாததால் பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல் மாதிரி தெம்பாகவே இருக்கும். ஆகவே நாள்பட்ட நோயாளியின் ரத்தத்தில் தெம்பான டி செல் கிடைத்தால் உடனே சந்தோஷப்பட முடியாது, அது தேடும் ஆள் ஊரைவிட்டே போயிருக்கலாம்.

'தூக்கம்' என்ற சொல்லும் எனக்குச் சரியாகப் படவில்லை. தூங்குகிறவர் எழுந்துவிடுவார். இன்றைய மாத்திரைகள் 8 அல்லது 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடம் வைரஸை ஒழித்துவிடுகின்றன, அதன் பிறகும் களைத்த டி செல்கள் பாதிதான் தேறுகின்றன. குணமானவருக்கு மறுபடி தொற்றும் வரலாம்.