அலைச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறது: மனநலக் கேள்வி பதில்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பல ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது. தேவனாம்பட்டினத்தில் இருந்தோம். இன்றுவரை கடற்கரைப் பக்கம் போவதில்லை. அலைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. இப்போது என் மகன் கடலுக்குப் போகலாம் என்று அடம்பிடிக்கிறான். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை அம்மா. 2004 டிசம்பர் 26 காலையில் நீங்கள் பட்ட திகில், அலைச் சத்தத்தையும் சாவையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அன்று ஓடியதால் பிழைத்தீர்கள். ஆனால் அதன் பிறகும், கடற்கரைக்குப் போகாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் மனம் பெருமூச்சு விடுகிறது. ‘போகாததால்தான் தப்பித்தேன்’ என்று கற்றுக்கொள்கிறது. இருபது ஆண்டுகளாக உங்கள் பயத்துக்குத் தீனி போட்டு வளர்த்தது இந்த ஒதுங்கல்தான்.

அதனால் சிகிச்சையும் அதற்கு நேர் எதிராகப் போகும். உங்களைப் போன்ற ஒரு பெண்ணுடன் நான் முதலில் போனது சில்வர் பீச்சுக்கு அல்ல, அலை காதில் விழாத ஒரு தெருமுனைக்கு. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். ஏழு என்றாள். அது மூன்றாகக் குறையும்வரை அங்கேயே நின்றோம். பாதியில் திரும்பியிருந்தால் பயம்தான் ஜெயித்திருக்கும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினோம். ஒருநாள் செருப்பைக் கழற்றி ஈர மணலில் கால் வைத்தாள். நுரை கணுக்காலைத் தொட்டபோது என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்துவிட்டது. ஆனாலும் ஓடவில்லை.

அந்தக் காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அது வெறும் அச்சநோய் அல்ல, அதிர்ச்சியின் வடு. அப்போது தனியாக முயல வேண்டாம். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ ஜிப்மரிலோ மருத்துவரைப் பாருங்கள்.

வில்லியனூரிலிருந்து: என் மகனுக்கு வயது 19. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறான். கோழை என்று கேலி செய்கிறார்கள்.

கேலி செய்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மற்ற பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும். ஊசி, இரத்தம் பற்றிய பயத்தில் மட்டும் அது சற்றே ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்கு இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. இது உடலின் அனிச்சைச் செயல். குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருப்பதுண்டு.

‘உடம்பைத் தளர்த்து’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே உதவாது. கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, முகத்தில் சூடு ஏறும்வரை 10 முதல் 15 விநாடி பிடித்து, பிறகு விடட்டும். அரை நிமிடம் கழித்து மறுபடியும், ஐந்து முறை. வீட்டிலேயே பழகிக்கொண்டு போகட்டும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தை நாயைக் கண்டால் அலறுகிறது. பிடித்து அருகில் நிறுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமாகச் சாப்பிடும்போது முயலைத் தொலைவில் வைத்து, மெல்ல மெல்ல அருகே கொண்டுவந்தார். பயம் போனது. உங்கள் வீட்டிலும் அதே பொறுமைதான் வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். தானே புயலில் அப்பாவின் முந்திரித் தோப்பும் சித்தப்பாவின் தோப்பும் ஒரே இரவில் சாய்ந்தன. சித்தப்பா எழுந்துவிட்டார். அப்பா இன்னும் எழவில்லை, குடிக்கிறார். ‘இனி இருந்து என்ன’ என்கிறார். அவருக்கு மன உறுதி இல்லையா?

தம்பி, 2011 டிசம்பர் 30 அன்று இருவர் மீதும் அடித்தது ஒரே காற்றுதான். ஆனால் அதற்கு முன்பே யாருக்குக் கடன் அதிகம், யாருக்குக் குடிப்பழக்கம், பிறகு யார் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, பெற்றோரின் நோய், சண்டை என்று பல ஆபத்துகளுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அப்படித் தலையெடுத்தவர்களுக்குத் துணையாக இருந்தவற்றில் முக்கியமானது, அக்கறையோடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது உடன் இருந்தது. உங்கள் அப்பாவுக்கு அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

‘இனி இருந்து என்ன’ என்ற சொல்லைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். இன்று இரவே அருகில் உட்கார்ந்து, “அப்பா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பாரம்தான் இறங்கும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இப்போதே வெளியேற்றுங்கள். அப்பா ஆமாம் என்று சொன்னால், தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் பேசலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. போனைப் போட்டு அப்பா கையில் கொடுத்துவிட்டு, நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்.